வீட்டு மாடியில் சோலார்: இணைப்பு அப்பா பெயரில், சாங்ஷன் லோடு 2 கிலோவாட். எங்கிருந்து தொடங்குவது? (வேலூர்)

பாலாற்றங்கரை | 2025 செப்டம்பர் 28

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி விருதம்பட்டில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு மாடி வீடு இருக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக ஏறக்குறைய 500 சதுர அடி காலியாகக் கிடக்கிறது. இரண்டு மாதத்துக்கு 860 யூனிட் அளவில் ஓடுகிறது. கடைசியாகக் கட்டிய தொகை 5,400 ரூபாய். கோடையில் இதைவிடக் கூடும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஆகஸ்டு மாதம் வந்த முதலாமவர் 3 கிலோவாட்டுக்கு வரியுடன் 2,04,840 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர் அதே 3 கிலோவாட்டை 1,55,000 ரூபாய்க்கு முடித்து, மானியத்தையும் தாமே வாங்கித் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் மாடியைப் பார்த்த உடனே, 5 கிலோவாட் போட்டுவிட்டால் பில் என்பதே வராது என்று கூறி 3,10,000 கேட்டார். மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஒருவர் வேண்டும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார், மூன்றாமவர் அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

மின் இணைப்பு இன்னும் என் தந்தையார் பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுனை இணைப்பு, சாங்ஷன் லோடு (அனுமதிக்கப்பட்ட மின்பளு) 2 கிலோவாட். நான் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிவேலை | செப்டம்பர் 28

ஐயா, நான் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்; ஆறேழு ஆண்டுகளாகக் குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டுப் பக்கம் இந்த வேலையைச் செய்து வருகிறேன். நீங்கள் கடைசிப் பத்தியில் எழுதியதை முதல் பத்தியில் எழுதியிருக்க வேண்டும். மாடி, பேனல், விலை எல்லாம் பிறகு. இப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது பெயர் மாற்றம்.

வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால், மின்வாரியத்தில் உள்ள பெயரைத்தான் அது எடுத்துக்கொள்ளும். விண்ணப்பதாரர் பெயரும் மின் கட்டண அட்டையில் உள்ள பெயரும் மானியம் போக வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். காலமானவர் பெயரில் விண்ணப்பத்தை ஓட்டிவிட்டு, எல்லாம் மாட்டி முடித்த பிறகு மானியம் தேங்கி நிற்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் பேனலைத் துடைத்துக்கொண்டே எட்டு மாதம் காத்திருந்தார்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நடப்பு ஆண்டின் சொத்துவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு, மின்வாரிய இணையதளத்திலேயே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொத்துவரி ரசீதும் தந்தையார் பெயரிலேயே இருக்குமானால், அதை முதலில் மாநகராட்சியில் மாற்றிக்கொள்வது நல்லது. ஒன்று மாறினால்தான் அடுத்தது நகரும்.

மாடிவீடு | செப்டம்பர் 29

இத்தனை அலைச்சல் தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஏஜென்சிக்காரரே எல்லாவற்றையும் செய்தார். நான் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்ததோடு சரி. 5 கிலோவாட் போட்டிருக்கிறோம். இடம் இருக்கும்போது சின்னதாகப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட, ஒரே முறையில் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

தணிக்கைக்காரர் | செப்டம்பர் 29

மாடிவீடு அவர்கள் சொன்ன இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்குத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தொடங்கியவருடைய 860 யூனிட்டையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் ஏணிப்படி போல ஏறுவது. 2024 ஜூலைக்குப் பிறகு நாம் கையிலிருந்து கட்டும் விகிதப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், முதல் 100 யூனிட் இலவசம் போக, 400 வரை யூனிட்டுக்கு 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 ரூபாய். 500க்குள் நின்றுகொண்டால் 101 முதல் 200 வரையிலான பகுதிக்கு 2.35 மட்டுமே. ஆகவே 860 யூனிட்டுக்கு 1,410, 630, 840, 1,890, 630 என்று கூட்டினால் அவர் சொன்ன 5,400 சரியாக வருகிறது.

இப்போது சோலாரைக் கழிப்போம். நெட் மீட்டரில் (வாங்கிய மின்சாரத்திலிருந்து திருப்பிக் கொடுத்ததைக் கழித்துக் கணக்கிடும் முறை) உற்பத்தி கழிவது ஏணியின் மேல்படியிலிருந்துதான். நம் ஊரில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தரும். குறைத்தே வைத்து, 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 440 யூனிட் தருவதாகக் கொண்டால், மீதி 420 யூனிட்டுக்கு அவர் கட்ட வேண்டியது 1,301 ரூபாய், மிச்சம் 4,099. மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் உற்பத்தி 660, மீதி 200, கட்ட வேண்டியது 235. அதாவது மூன்றாவது கிலோவாட்டால் கூடுதலாக மிச்சமாவது 1,066 ரூபாய். நான்காவது கிலோவாட்டைப் போட்டால் அந்த 235 ரூபாய்தான் மிச்சம். ஐந்தாவது எதற்கு என்று அந்த மூன்றாமவரைத்தான் கேட்க வேண்டும்.

மானியமும் அதே போக்கில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய். அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். நீங்கள் கூடுதலாகப் போடும் இரண்டு கிலோவாட்டும் முழுக்க உங்கள் பணம். குளிர்சாதனம் இரண்டு மூன்று ஓடும் வீடு, பயன்பாடு 1,300 யூனிட்டைத் தொடும் வீடு என்றால் 5 கிலோவாட் நியாயமே. அதை நான் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுக் கட்டண அட்டையை எடுத்துவைத்து, கோடைக் கணக்கையும் மார்கழிக் கணக்கையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். மாடியின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஓ.டி.பி. பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். ஏஜென்சியின் எண்ணைப் பதிந்துவிட்டால், விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அவர் வாயால் கேட்டுத்தான் நீங்கள் அறிய முடியும்.

மாடிவீடு | செப்டம்பர் 29

கணக்கு புரிகிறது ஐயா. எங்கள் வீட்டில் 1,100 யூனிட் வரை ஓடும் என்பதால் எனக்கு நட்டமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் இந்த மேல்படிக் கழிவை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாலாற்றங்கரை | செப்டம்பர் 30

இருவருக்கும் மிக்க நன்றி. 3 கிலோவாட் என்று முடிவு செய்கிறேன். அப்படியானால் 1,55,000 சொன்னவரை எடுத்துக்கொள்ளலாமா? சாங்ஷன் லோடு 2 கிலோவாட்டாக இருக்கும்போது 3 கிலோவாட் சோலார் போட முடியுமா?

கம்பிவேலை | செப்டம்பர் 30

1,55,000 சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேனல் டி.சி.ஆர். வகையா? அதாவது, பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்யப்பட்டவையா? மானியம் அதற்கு மட்டும்தான். வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே பேனலாக ஒட்டியதற்கு மானியம் கிடையாது. விலை வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். விலைப்பட்டியலில் பேனலின் நிறுவனம், மாடல், வாட் அளவு, டி.சி.ஆர். என்ற சொல் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு ஒவ்வொரு பேனலின் பின்புறமும் ஒட்டியுள்ள வரிசை எண்ணை இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால், மேலே தூக்குவதற்கு முன்பே அந்த ஒட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு பேனலுக்கு அடியில் படுத்துக்கொண்டு படம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எடுத்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த நிறுவனம் சூர்ய கர் தளத்தில் பதிவு பெற்றதா என்பதையும் தளத்திலேயே பாருங்கள். பதிவில்லாதவர் மாட்டினால் மானியம் இல்லை. மாட்டியவர் ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் நிபந்தனை. ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

சாங்ஷன் லோடு குறித்து: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, சோலாரின் திறன் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மீறக்கூடாது. ஆனால் மத்திய அரசின் மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளில் 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலேயே ஒப்புதல் கொடுத்ததாகக் கொள்ளப்படும். அதற்கேற்ற மின்பளு உயர்வையும் மின் பகிர்மான நிறுவனமே செய்துகொடுக்க வேண்டும். பழைய நாட்களில் டிரான்ஸ்பார்மரில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இப்போது அந்தப் பதில் செல்லாது. 5 கிலோவாட் வரை வழித்தடத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவும் நுகர்வோருடையது அன்று.

ஆயினும் என் யோசனை, பெயர் மாற்றம் முடிந்த கையோடு மின்பளுவை 3 கிலோவாட்டுக்கு உயர்த்த நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள் என்பது. வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத் தொகையும் சிறிது ஆகும். உங்கள் வீட்டில் எப்படியும் 2 கிலோவாட்டுக்கு மேல்தான் இழுக்கிறீர்கள். அந்தக் கணக்கை நேர் செய்துகொண்டது போலவும் ஆகும்.

தணிக்கைக்காரர் | அக்டோபர் 1

முதலாமவரின் 2,04,840 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஆகஸ்டு விலை. சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்த ஒப்பந்தங்களில் 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்று பிரித்து, வேலைப் பங்குக்கு 18 சதவீதம் போடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முன்பு 13.8 சதவீதம், இப்போது 8.9 சதவீதம். அவருடைய அடிப்படை விலை 1,80,000 என்று தெரிகிறது. ஆகவே இப்போது அவர் கேட்க வேண்டியது 1,96,020. புதிய தேதியிட்ட விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 8,820 ரூபாய் என்பது இரண்டு மாடிப் படி தேய நடந்தாலும் கிடைக்காத பணம்.

வங்கிக் கடன் வேண்டுமென்றால், 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்கு அடமானம் இல்லாமல் பொதுத்துறை வங்கிகள் இதே திட்டத்தின்கீழ் தருகின்றன. மானியத் தொகை முதலில் நம் கையிலிருந்து போய்ப் பின்னால்தான் திரும்பி வரும் என்பதால், முழுத் தொகைக்கும் ஏற்பாடு செய்துகொண்ட பிறகு இறங்குங்கள்.

அகழிக்கரை | அக்டோபர் 2

மாநகராட்சி அனுமதி குறித்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீடு லாங்கு பஜார் பக்கம், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னம். அதற்கான சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி; அடுத்த 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி. இரும்புத் தூண் நட்டு எட்டடி உயரத்துக்குச் சட்டம் எழுப்பினால் அது கட்டுமானமா, கருவியா என்று கேள்வி வரும். நாங்கள் உயரச் சட்டத்தை விட்டுவிட்டுத் தளத்தோடு தாழ்வாக மாட்டுவதாக வரைபடம் போட்டு, எழுத்தில் கேட்டுவிட்டு அதன் பிறகே வேலையைத் தொடங்க இருக்கிறோம். கோட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் ஏஜென்சி சொல்வதை மட்டும் நம்பாமல் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கம்பிவேலை | அக்டோபர் 2

மிகச் சரியான குறிப்பு. விருதம்பட்டு பாலாற்றுக்கு வடகரை என்பதால் தொடங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மற்ற இடங்களில் நான் பார்த்த வரை, தளத்தின்மேல் கான்கிரீட் கட்டை வைத்து அதன்மேல் சட்டம் போட்டுப் பேனல் மாட்டுவதற்குக் கட்டட அனுமதிக் கடிதத்தை மின்வாரியமும் கேட்பதில்லை, சூர்ய கர் தளமும் கேட்பதில்லை. வம்பு வருவது வேறு இடத்தில். பேனலை உயரத் தூக்குகிறோம், கீழே நிழல் இருக்கிறது, பக்கத்தில் தகரம் அடித்தால் ஓர் அறை கிடைக்கும், அதை வாடகைக்கும் விடலாம் என்று ஒவ்வொன்றாக ஆசை வளரும். தகரம் அடித்த நாளிலிருந்து அது கூடுதல் கட்டடம். திட்ட அனுமதியும் சொத்துவரி மறுமதிப்பீடும் பின்னாலேயே வரும்.

அண்டை வீட்டார் பற்றியும் யோசியுங்கள். அவர் நாளைக்கு இரண்டாம் மாடி எழுப்பி உங்கள் பேனலுக்கு நிழல் விழுந்தால், வெயிலுக்கு உரிமை கோரி நீங்கள் எந்த அலுவலகத்தின் படியையும் ஏற முடியாது. தென்புறம் காலி மனை இருந்தால் பேனலை இப்போதே வடபக்கம் தள்ளி வையுங்கள்.

பூட்டுச்சாவி | அக்டோபர் 5

குறுக்கே ஒரு சந்தேகம். சத்துவாச்சாரியில் 24 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறோம். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. நான் மட்டும் என் வீட்டுக்குப் போட்டுக்கொள்ள முடியுமா?

தணிக்கைக்காரர் | அக்டோபர் 5

பொது மாடியில் தனியொருவர் பேனல் வைக்க மற்ற உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும். சங்கத்தின் தீர்மானம் எழுத்தில் இல்லாமல் ஒரு கட்டையைக்கூட மேலே ஏற்றாதீர்கள். அதைவிட எளிய வழி, மின்தூக்கி, மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்குச் சங்கமே விண்ணப்பிப்பது. அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மாதப் பராமரிப்புத் தொகை குறையும் என்றால் 24 வீட்டாரும் கூட்டத்துக்கு வருவார்கள். மற்ற எதற்கும் வர மாட்டார்கள்.

ஒடுகத்தூரான் | அக்டோபர் 11

எங்கள் ஊரில் மின்வெட்டு அடிக்கடி வருவதால்தான் என் அண்ணன் சோலார் போட்டார். போட்ட மறுவாரமே நண்பகலில் மின்சாரம் போனது. வெயில் கொளுத்துகிறது, பேனல் மேலே இருக்கிறது, வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த நிறுவனத்தோடு பெரிய சண்டை. இது பழுதா, இப்படித்தானா?

கம்பிவேலை | அக்டோபர் 11

இப்படித்தான், தம்பி. பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி மின்வாரியக் கம்பியோடு இணையும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிட வேண்டும் என்பது கட்டாயம். கம்பம் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரத்தில் உங்கள் அண்ணன் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பினால் என்ன ஆகும்? மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வேண்டும். மானியம் பேட்டரிக்குப் பொருந்தாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் அப்படியே இருக்கட்டும். ஆனால் சோலாரின் வெளியீட்டை அந்தப் பேட்டரி இன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள வயரில் சேர்க்க விடாதீர்கள். மீட்டருக்கு அடுத்த முதன்மைப் பலகையில்தான் சேர வேண்டும். பின்னால் சேர்த்தால், பேட்டரி தருவதை மின்வாரியக் கம்பி என்று சோலார் எண்ணிக்கொண்டு, இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

வழித்தடத்தின் கடைசியில் இருக்கும் ஊர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நண்பகலில் எல்லாரும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது வோல்டேஜ் மேலேறும். வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக விலகிவிடும். அண்ணன் வீட்டு இன்வெர்ட்டர் திரையில் பகல் 12 மணிக்கு வோல்டேஜ் என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்து, அந்தத் தாளோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிடத் தாள் பேசும்.

பாலாற்றங்கரை | டிசம்பர் 14

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. திருப்பத்தூரில் இருக்கும் தங்கையின் சம்மதக் கடிதம் வந்து சேரவே பதினைந்து நாள் ஆயிற்று. அவள் கொடுக்க மறுத்ததனால் அன்று, தீபாவளிக்கு வரும்போது கையெழுத்திடுகிறேன் என்றதனால். சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், மின்பளு உயர்வு என்ற மூன்றும் முடிய நவம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதன் பிறகு சூர்ய கர் தளத்தில் என் பெயரில், என் கைப்பேசி எண்ணில் பதிவு செய்தேன். ஒப்புதல் உடனேயே வந்துவிட்டது.

முதலாமவரிடமே கொடுத்தேன், வரிக் குறைப்பைச் சொன்னதும் மறுபேச்சின்றி 1,96,020க்கு மாற்றித் தந்தார். 1,55,000 சொன்னவரிடம் டி.சி.ஆர். என்ற சொல்லை எழுத்தில் கேட்டேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

550 வாட் பேனல்கள் ஆறு வந்தன. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், இருபத்தெட்டுக் கிலோ எடை. மாடிப்படி திருப்பத்தில் நுழையாததால் கயிறு கட்டி முன்புறமாகவே ஏற்றினார்கள். தென்திசை நோக்கி, வேலூரின் அட்சரேகைக்கு ஏற்ப 13 பாகை சாய்வில் வைத்தார்கள். எர்த் குழி மூன்று தோண்ட வேண்டும் என்றார்கள்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இரண்டு குழிகள் ஆற்றுமணலில் எளிதாக இறங்கின. மூன்றாவது குழி நான்கடியில் பாறையில் முட்டிக்கொண்டது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. சரிதானே?

இப்போது மாட்டி முடித்து, சான்றுகளை ஏற்றிப் பதினெட்டு நாள் ஆகிறது. இருவழி மீட்டர் (நெட் மீட்டர்) இன்னும் வரவில்லை. கேட்டால், மீட்டர் இருப்பில் இல்லை என்கிறார்கள். அதுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் நிறுவனத்துக்காரர்.

கம்பிவேலை | டிசம்பர் 14

ஒப்பாதது மிகச் சரி. இடிதாங்கியின் எர்த் தனியாகவே இருக்க வேண்டும். இடி இறங்கும்போது அந்த அழுத்தம் இன்வெர்ட்டர் வழியாகத் திரும்பக்கூடாது. பாறை வந்த இடத்தை மூடிவிட்டு, சில அடி தள்ளி வேறு இடத்தில் துளையிட்டு இறக்கச் சொல்லுங்கள். வேலூரில் மண் எங்கே முடிந்து கல் எங்கே தொடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இருவழி மீட்டர் வரும் வரை தயவுசெய்து இன்வெர்ட்டரை ஓட்ட வேண்டாம். பழைய மீட்டர்களில் பல, திரும்பிப் போகும் மின்சாரத்தையும் வந்த மின்சாரமாகவே எண்ணிக் கூட்டிவிடும். நீங்கள் உற்பத்தி செய்து கொடுத்ததற்கு நீங்களே பணம் கட்டுவீர்கள். ஒப்புதலுக்கு முன் இணைப்பது விதிமீறலும் ஆகும்.

தணிக்கைக்காரர் | டிசம்பர் 15

முன்பு குறிப்பிடாத ஒன்று: கம்பிவேலை சொன்ன அதே 2024 திருத்தத்தில், நிறுவல் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து மீட்டர் பொருத்தி இயக்கிவைப்பது வரையிலான கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு அது கடந்துவிட்டது. கோபமாக எழுத வேண்டாம்; விண்ணப்ப எண், சான்றிதழ் ஏற்றிய தேதி, விதியின் பெயர் என்ற மூன்றை மட்டும் எழுதி, உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதமும் செயற்பொறியாளருக்கு ஒரு நகலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் ஒரு புகார் எண் போட்டு வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். பெரும்பாலும் முத்திரை வாங்கிய நகலோடு வேலை முடிந்துவிடும்.

இருவழி மீட்டரை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் நுகர்வோரே வாங்கிக் கொடுப்பதற்கும் இடம் இருக்கிறது. வாங்கும் மீட்டர் மின்வாரியத்தின் சோதனைக்குப் போய்வந்த பிறகே பொருத்தப்படும். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை | 2026 மார்ச் 8

கடிதம் கொடுத்த ஒன்பதாம் நாள் மீட்டர் வந்தது. உதவிப் பொறியாளர் நேரில் வந்து, முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் உடனே நிற்கிறதா என்று பார்த்தார், நின்றது. எர்த் குழிகளைத் திறக்கச் சொல்லி மூன்றையும் பார்த்தார். மானியம் 78,000 ரூபாய் பிப்ரவரி முதல் வாரத்தில் என் கணக்கில் ஏறியது.

முதல் இரண்டு மாதக் கணக்கும் வந்துவிட்டது. உற்பத்தி 590 யூனிட். பனிக்காலம், பாதி நாள் காலை மேகமூட்டம் என்பதால் குறைவு என்றார்கள். மின்வாரியத்திலிருந்து வாங்கியது 468, திருப்பிக் கொடுத்தது 254, நிகரம் 214. பயன்பாட்டுக் கட்டணம் 301 ரூபாய் என்று வந்திருக்கிறது. தணிக்கைக்காரர் ஐயாவின் ஏணியில் போட்டுச் சரிபார்த்தேன்: 235, பிறகு 14 யூனிட்டுக்கு 65.80. பொருந்துகிறது.

வீட்டில் ஒரே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. என் தாயார் மோட்டாரையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் போடுகிறார். நம் வீட்டு மின்சாரம் தெருவுக்குப் போகக்கூடாதாம். நெட் மீட்டரில் யூனிட்டுக்கு யூனிட் கழிந்துவிடும், எப்போது போட்டாலும் ஒன்றுதான் என்று எவ்வளவு சொல்லியும் ஏற்க மறுக்கிறார்.

கம்பிவேலை | மார்ச் 8

உங்கள் கணக்கு சரி, அம்மா செய்வதும் சரி. உச்சிவேளையில் உங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகள் சோலார் போட்டால் வோல்டேஜ் ஏறும். அப்போது நண்பகலில் வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் வீட்டு இன்வெர்ட்டர்தான் விலகாமல் நிற்கும். அவரைத் தடுக்காதீர்கள்.

கத்திரி வெயிலில் உற்பத்தி எகிறும் என்று எதிர்பார்த்துவிட்டுப் பிறகு என்னைக் கேட்காதீர்கள். பேனல் 25 பாகை வெப்பத்தில் அளந்து விற்கப்படுவது. வேலூர் மே மாதத்தில் அதன் முதுகு 65 பாகை வரை சுடும், ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் விழும். உங்களுக்கு நல்ல மாதங்கள் இந்த மார்ச்சும் ஏப்ரல் முற்பாதியும்தான். ஆகவே இந்த வாரமே, வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் பேனலை ஒரு முறை கழுவிவிடுங்கள். போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளை உப்புப் படிந்துவிடும், குழாயில் வரும் காவிரித் தண்ணீரை இரண்டு வாளி எடுத்துவைத்துக் கழுவுங்கள்.